வெற்றுத்தாளில் வாங்கப்படும் கையெழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருட்டு, பொய்க்கணக்கு, மேலதிகாரியிடம் கைநீட்டியது என்று ஏதேனும் ஒரு குற்றச்சாட்டின்பேரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, அந்தக் குற்றத்தை நான் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே வீட்டில் முடங்கிப்போகிறவர்களைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில், அதாவது தொழிலாளர் வந்துபோகும் நேரத்தைப் பதியும் பிரிவில், எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞன் இல்லை. ஆனால் பணியில் இருந்தபோதும் அதன் பிறகும், மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) வாங்கியவர்களுக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தும், நிர்வாகமே நடத்தும் உள்விசாரணையில் சக தொழிலாளியாகப் பக்கத்தில் உட்கார்ந்தும், தொழிலாளர் அலுவலகத்து மரபெஞ்சில் காத்திருந்தும் பார்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். நீக்கப்பட்டவருக்குச் சட்டத்தில் வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளில் பாதியை அவரே, குற்றம் சாட்டப்பட்ட அன்றே, பர்சனல் ஆபீசரின் மேசை முன்னால் ஒரு கையெழுத்தில் அடைத்துவிடுகிறார்.

நான் உடன் நின்ற ஒரு வழக்கைச் சொல்கிறேன். பத்தொன்பது ஆண்டு சர்வீஸ் உள்ள எலக்ட்ரிக்கல் பிரிவு உதவியாளர் ஒருவர், பகல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது, சைக்கிளில் மாட்டியிருந்த பையைச் செக்யூரிட்டி திறந்து பார்க்க, தூக்குப்போசிக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய எரித்த செம்புக் கம்பி இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு எல்லோரும் வந்துபோகும் இடம். பை காலையிலிருந்து அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவரை இரவு எட்டு மணிவரை செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்தார்கள். 'போலீசுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளலாம், பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறாய்' என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார்; எதுவும் எழுதாத இன்னொரு தாளில் கீழே கையெழுத்து மட்டும் போட்டார். நான்கு நாள் கழித்து அந்த வெற்றுத்தாள் ராஜினாமாக் கடிதமாகிவிட்டது.

ஆறாம் நாள் என்னிடம் வந்தார். உடனே ஒரு கடிதம் எழுதி, வெற்றுத்தாளில் அச்சுறுத்தி வாங்கிய கையெழுத்து அது, நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கும், நகலைத் தொழிலாளர் அலுவலருக்கும் அனுப்பினோம். (இப்போது பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது, ஒப்புதல் சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.) பின்னாளில் அந்தக் கடிதம்தான் அவரைக் காப்பாற்றியது. தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சில் நிர்வாகம் ராஜினாமாவை நீட்டியபோது சமரச அதிகாரி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். மேலே எழுத்து விசாலமாக ஓடியிருந்தது. கடைசி மூன்று வரிகள் மட்டும் சிறுத்து, நெருங்கி, கையெழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. கையெழுத்து முதலில் வந்தது, வாசகம் பிறகு வந்தது என்று சொல்ல நிபுணர் யாரும் தேவைப்படவில்லை.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது: குற்றச்சாட்டு வைக்கப்படும் அறையில் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தொழிலாளிக்கும் இல்லை. மெமோவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடலாம்; போடும்போது தேதியும், 'பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை' என்ற வரியும் சேர்க்கலாம். ஏற்கெனவே பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர், அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எழுதி அனுப்பிவிட வேண்டும். ஏற்கப்படுவதற்கு முன் ராஜினாமாவைத் திரும்பப் பெறவும் முடியும். ஆறு மாதம் கழித்து அதே வாக்கியத்தைச் சொன்னால், யோசித்துச் சொன்ன கதை என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். அந்தக் கடிதத்திலேயே கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி நேரம், இடம் குறிப்பிட்டுக் கேட்டுவிடுவது நல்லது. பல இடங்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடுகிறது.

அடுத்தது உள்விசாரணை. பலர் இதை நாடகம் என்று ஒதுக்கிவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். நாடகமாகவே இருந்தாலும், அதில் பதிவாகும் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் பின்னால் நீதிமன்றத்தின் முன் போகிற காகிதம். நாம் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். பிறகு, வாய்ப்புக் கொடுத்தும் வரவில்லை என்பது அவர்கள் பக்கத்து வாதமாகிவிடும். குற்றச்சாட்டு எந்த நாள், எந்த நேரம், எந்தப் பொருள் என்று தெளிவாக இல்லையென்றால் தெளிவு கேட்கலாம். அவர்கள் நம்பியிருக்கும் ஆவணங்களின் நகலைக் கேட்கலாம். தமிழில் நடத்தும்படி கேட்கலாம். சக தொழிலாளி ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். நிர்வாகம் சட்டம் படித்த ஒருவரைத் தன் தரப்பில் உட்காரவைத்தால் தொழிலாளிக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் குறுக்கு விசாரணை. நான் சொன்ன செம்புக் கம்பி வழக்கில், பை பிடிபட்டதாக கேட் ரிஜிஸ்டரில் எழுதியிருந்த நேரம் 3.10. அவருடைய பஞ்ச் கார்டில் வெளியேறிய நேரம் 3.22. ஆள் உள்ளே இருக்கும்போதே பை வெளியே பிடிபட்டது எப்படி என்று கேட்டதற்குச் செக்யூரிட்டியிடம் பதில் இல்லை. டைம் ஆபீசில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியதற்கு அந்த ஒரு நாள் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்டு செய்துவைத்தால் பிழைப்பூதியம் தந்தாக வேண்டும். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்கு மேல் தொழிலாளியின் தவறில்லாமல் இழுத்தால் முக்கால் சம்பளம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம் என்கிறது. இது ஏதோ கருணைத் தொகை என்று எண்ணிக் கேட்காமல் விடுகிறவர்கள் கோலார் தங்கவயல் பால் அந்தோணி வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு அதிகாரியாக இருந்த அவருடைய வீட்டில் 1985இல் போலீசார் சோதனையிட்டு 4.5 கிராம் தங்க உருண்டையும், தங்கம் கலந்த மண் 1,276 கிராமும் எடுத்ததாகக் கூறினார்கள். சஸ்பெண்டு செய்யப்பட்டவருக்குப் பிழைப்பூதியம் தரப்படவில்லை. விசாரணைக்கு வந்துபோகக் காசில்லாமல் அவர் வரவில்லை. வராமலேயே விசாரணை முடிந்து 1986இல் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், பட்டினி போட்டுவிட்டு விசாரணைக்கு வா என்பது வாய்ப்புக் கொடுத்ததாகாது என்ற கருத்தில், நீக்கத்தையே செல்லாது என்றது.

இதே வழக்கை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், போலீஸ் கேஸில் விடுதலையாகிவிட்டால் வேலை தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; உள்விசாரணையில் இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்ற அளவுக்குச் சாட்சியம் இருந்தாலே போதும். பால் அந்தோணி வழக்கில் இரண்டு இடத்திலும் ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள், அந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் நம்பவில்லை. அதனால் விடுதலைக்கு அவ்வளவு மதிப்புக் கிடைத்தது. எல்லோருக்கும் அது பொருந்தாது. போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கும் காலத்தில், நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் அலுவலகத்தில் தொழில் தகராறு எழுப்புவதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்தக் கெடு இப்போது சுருங்கியும் விட்டது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1965இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவினால், சங்கம் ஆதரிக்காவிட்டாலும் தனி ஒரு தொழிலாளியின் பணிநீக்கம் தொழில் தகராறாகவே கருதப்பட்டது. சமரசம் முறிந்தால் தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பும் அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் அவரே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற வசதியை, நாடு முழுமைக்கும் 2010இல் மத்தியத் திருத்தத்தால் கிடைப்பதற்கு முன்னரே, 1988இல் தமிழ்நாடு தன் திருத்தத்தில் கொடுத்தது. தொழிலாளி நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசத்தை அந்த மத்தியத் திருத்தம் தந்தது. 2025 நவம்பர் 21 முதல், அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனி ஆளின் நீக்கம் தொழில் தகராறுதான் என்பது அதிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட தகராறைச் சமரச அதிகாரி எடுக்க மாட்டார். அவர் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். தீராத விஷயத்தை அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று பழைய கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்த சில மாதங்களில் நானே இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வக்கீலோ பெரிய செலவோ தேவையில்லை. வெள்ளைத்தாளில், சேர்ந்த நாள், பார்த்த வேலை, கடைசியாக வாங்கிய சம்பளம், நீக்கப்பட்ட நாள், ஏன் அது தவறு என்பதை எழுதி, நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, மெமோ, விளக்கம், நீக்க உத்தரவு ஆகியவற்றின் நகல்களை இணைத்தால் போதும். இந்த வழி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டுமே என்பதால், நிர்வாகம் எடுத்தவுடன் வைக்கும் ஆட்சேபம், இவர் சூப்பர்வைசர், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவர் என்பதாகத்தான் இருக்கும். அடையாள அட்டையில் என்ன பதவி அச்சடித்திருக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது; அவர் உண்மையில் என்ன வேலை செய்தார், லீவு அனுமதிக்கும் அதிகாரமோ நடவடிக்கை எடுக்கும் அதிகாரமோ அவரிடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பெயருக்குச் சூப்பர்வைசர் ஆக்கப்பட்டு, நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு வேறொரு கதவும் இருக்கிறது. அது பெரும்பாலோருக்குத் தெரியாது. கல்லாவில் குறைந்தது, ஸ்டாக்கில் ஒரு புடவை இல்லை என்று இரவோடு இரவாக அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்தாம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் நீக்க வேண்டுமானால் விசாரணை வைத்துப் போதிய சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கு மேல்முறையீடு தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான். ஆனால் அவகாசம் மிகக் குறுகியது, முப்பதே நாள். ஊரிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண், அவமானத்தோடு பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்து, அழுது முடித்து, யாரிடமாவது சொல்வதற்குள் அந்த முப்பது நாள் போய்விடுகிறது.

பாலியல் தொல்லைப் புகாராக இருந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள உட்புகார்க் குழுதான் விசாரிக்கும். அங்கும் புகாரின் நகலும் பதில் சொல்லும் வாய்ப்பும் எதிர்த்தரப்புக்கு உண்டு. குழுவின் பரிந்துரையை எதிர்த்து இரு தரப்பும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே அதைப் பொய்ப்புகார் ஆக்கிவிடாது என்று அச்சட்டமே சொல்கிறது. புகார் சொன்ன பெண்ணைப் பற்றி ஊர்க்கதை திரட்டிக்கொண்டு வந்து, இதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்ட ஒருவருக்கு நான் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டேன்.

தீர்ப்பாயம் வரை போனால் என்ன கிடைக்கும் என்பதிலும் மிகை நம்பிக்கை வேண்டாம். விசாரணை முறையாக நடக்கவில்லை என்று நாம் நிறுவிவிட்டாலும், குற்றத்தை நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சியம் வைத்து நிரூபிக்க நிர்வாகத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்பது 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு 1971இலேயே தரப்பட்டது, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. அதற்கும் எல்லை உண்டு. பாரத் ஃபோர்ஜ் நிறுவனத்தில் 1983இல் காலை ஷிஃப்டில், 11.40 மணிக்கு, இரும்புத் தகட்டின் மேல் படுத்து உறங்கிய தொழிலாளியின் நீக்கத்தை, அவருடைய முந்தைய தவறுகளையும் கணக்கில் எடுத்து, 2005இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. பழைய மெமோக்களுக்குப் பதில் எழுதாமல் விட்டவர்களுக்கு இது பாடம். மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற சிறு விஷயம், கோப்பில் ஒப்புதலாக உறங்கிக்கொண்டிருக்கும்.

நீக்கம் தவறென்று முடிவானால், வேலையோடு விடுபட்ட காலச் சம்பளமும் தருவதே பொதுவிதி என்று தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்குத் தொழிலாளி, இடைப்பட்ட காலத்தில் வேறு வேலையில் இல்லை, அல்லது குறைந்த கூலிக்குத்தான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். இங்கேதான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள். ஆறு ஏழு ஆண்டு யார் சும்மா இருக்க முடியும்? நம்முடைய எலக்ட்ரிக்கல் உதவியாளர் வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனார். அதை மறைத்துவிடலாமா என்று கேட்டார். மறைக்க வேண்டாம் என்றேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிடைத்த கூலியை உள்ளபடி சொன்னார். ஏழாம் ஆண்டில் வேலையும், பணித்தொடர்ச்சியும், பாதிச் சம்பளமும் கிடைத்தன. திரும்பிப் போனபோது அவருக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் இருந்தது.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகுவதைக் கேவலமாக நான் நினைக்கவில்லை. சமரச அதிகாரி முன்னிலையில், குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, சர்வீஸ் சான்றிதழில் அது குறிப்பிடப்படாது என்று எழுதி, தொகையும் தேதியும் போட்டுச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கும், செக்யூரிட்டி அறையில் எழுதிக் கொடுக்கும் ராஜினாமாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, தகராறு நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் வரவேண்டிய பணத்தை விடக்கூடாது. நீக்கப்பட்டவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. பி.எஃப். பணத்தை எந்தக் குற்றச்சாட்டுக்காகவும் நிர்வாகம் நிறுத்திவைக்க முடியாது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும் சிக்கலானது: நஷ்டம் விளைவித்ததாகச் சொன்னால் அந்த நஷ்டத்தின் அளவுக்கே பிடிக்கலாம், ஒழுக்கக்கேடான குற்றம் என்று நீக்கினால் முழுதையுமே மறுக்க இடமிருக்கிறது. அதற்கு நீதிமன்றத் தண்டனை வேண்டும் என்று 2018இல் ஒரு தீர்ப்பு இருந்தது. தேவையில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே, திருட்டு என்று எழுதப்பட்ட நீக்க உத்தரவை எதிர்க்காமல் விட்டால், வேலையோடு இருபது ஆண்டுக் கிராஜுவிட்டியும் போகக்கூடும். பணத்தை வாங்கும்போது 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மானநஷ்ட வழக்குப் போட வேண்டும் என்று கொதிப்பவர்களிடம், முதலில் வேலைக்கான வழக்கைப் போடுங்கள் என்றுதான் சொல்லிவருகிறேன்.

புதிய தொகுப்பில் நிலையாணைகள், அதாவது வேலையிடத்து ஒழுங்கு விதிகள், 300 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்கூடங்களுக்குத்தான் கட்டாயம். முன்பு அது 100 ஆக இருந்தது. திருப்பூர், கோவைப் பகுதியில் இருநூறு பேர் வேலை செய்யும் எத்தனையோ கூடங்களில், எது ஒழுங்கீனம், யார் விசாரிப்பது, எத்தனை நாளில் பதில் தருவது என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதம் இனி கட்டாயமில்லை என்றாகிவிட்டது. இயற்கை நீதி வேண்டும், அதாவது எதிர்த்தரப்பையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு போய்விடவில்லை. ஆனால் கோட்பாட்டைக் கையில் எடுத்துக் காட்டிப் பேச முடியாது. சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டிப் பேச முடிந்தது.

ஆகவே தொழிலாளர் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆள் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு ஆலை, கம்பெனி, கடையின் கேட்டிலும் தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர் இருக்கும் இடங்களில் இந்தியிலும், நான்கே வரி எழுதிய பலகை ஒன்றை வைக்க உத்தரவிட வேண்டும்: குற்றச்சாட்டின்போது கையெழுத்து வாங்கப்படும் எந்தத் தாளுக்கும் நகல் அப்போதே தரப்பட வேண்டும், கடை ஊழியருக்கு மேல்முறையீடு முப்பது நாள், மற்றவர் தகராறு எழுப்ப இரண்டு ஆண்டு, அந்தப் பகுதித் தொழிலாளர் அலுவலகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும். பலகையைச் செக்யூரிட்டி அறையின் உள்சுவரில், உட்காரவைக்கப்படுகிறவரின் கண்ணுக்கு நேரே மாட்டினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆலை எழுத்தர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.